தலைக்கட்டுக்கு ஒரு மனு

கரட்டுவலசில் எந்தப் பொதுக்காரியம் என்றாலும் தலைக்கட்டுக் கணக்குத்தான். மாரியம்மன் சாட்டுத் திருவிழாவுக்கு வரி போடுவதா, குளத்தில் கருவேலம் வெட்டுவதா, தலைக்கட்டுக்கு, அதாவது வீட்டுக்கு, இவ்வளவு என்று ஊர்ப் பெரியவர் நாச்சிமுத்து ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. கொடுக்காதவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரில் ஒருவரும் போகமாட்டார்கள். ஊருக்கு மேற்கே நூல் மில் வந்து, மில்லை ஒட்டி வடக்கத்திக்காரர்களின் தகரக் குடியிருப்பும் வந்து வருடங்கள் பல ஆகிவிட்டன. ஆனால் அவர்கள் தலைக்கட்டில் சேர்த்தி இல்லை. அவர்களிடம் யாரும் வரி கேட்டதில்லை. வரி கேட்காதவர்களிடம் வேறு எதைத்தான் கேட்பது?

அப்படிப்பட்ட ஊரில், தலைக்கட்டுக்கு ஒரு மனு என்று தாரணி சொன்னபோது எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாரணி அந்த ஊர்த் தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. பெற்றோர்களில் ஒரு தாய்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி, வேறு எந்தத் தாயும் வரவில்லை என்பது நிலவரம். அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைவிட்டால் கதியில்லை என்பது மூன்றாவது காரணம். அவளுடைய மகள் சமிக்ஷாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. காதில் வைக்கும் கருவியும் பெரிதாக உதவவில்லை. முதலில் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே டீச்சர்கள் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினார்கள். பிள்ளை ஒரு வருடம் முழுக்க வாயே திறக்கவில்லை. வீட்டிலும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அதன்பிறகுதான் கரட்டுவலசுப் பள்ளிக்கு வந்தாள். அங்கே இருந்தது ஒரே டீச்சர், ஒரே வகுப்பறை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ரெஜினா டீச்சர் சமியை முன்வரிசையில் உட்காரவைத்து, எந்தச் சொல்லையும் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். சமி டீச்சரின் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் மதியம் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி, ஊரே கேட்கும் சத்தத்தில் "டீச்சர்" என்று கூப்பிட்டாள். தாரணி அன்று பள்ளிக்கூட வாசலில் நின்று வெட்கமில்லாமல் அழுதாள். இந்தப் பள்ளிக்கூடம் போய்விட்டால் மகளுடைய பேச்சும் அதோடு போய்விடும் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும்.

வகுப்பறையில் கரும்பலகைக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி இருக்கும். டீச்சர் பேர் கூப்பிடுவதையும் பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" என்பதையும் கேட்டு வருகையைப் பதிந்துகொள்ளும். அதற்கு ஊரில் வைத்த பெயர் காது. "அதுக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல" என்று சமி அதைப் பார்த்து முறைப்பாள்.

பிரச்சினை ஒரே ஒரு சொல்லில் தொடங்கியது. கல்வித்துறையின் இணையப் பக்கத்தில், கரட்டுவலசுப் பள்ளியின் பெயருக்கு எதிரே "பரிசீலனையில்" என்று ஒருநாள் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்து ஊரான மயில்ரங்கம்புதூருக்கும் முந்தைய வருடம் இப்படித்தான் வந்தது. ஆறு மாதத்தில் அங்கே பூட்டுப் போட்டார்கள்.

"அதென்னங் டீச்சர், பரிசீலனைன்னு போட்டிருக்குது?" என்று தாரணி போய்க் கேட்டாள்.

"மாவட்ட ஆபீஸ்ல ஒரு மிஷின் வச்சிருக்காங்கம்மா," என்றார் ரெஜினா டீச்சர். "எந்தப் பள்ளிக்கூடத்துக்கு இனிமே எத்தனை பிள்ளைங்க வருவாங்கன்னு அதுதான் சொல்லும். யாரு வீடு மாத்துறா, யாரு பஸ் பாஸ் எடுக்கிறா, எங்க பிள்ளை பிறக்குது, எல்லாம் அதுக்குத் தெரியும். ஆபீஸ்ல எல்லாரும் அதைச் சோசியர்னுதான் சொல்லுவாங்க."

"சோசியருன்னா பரிகாரமும் சொல்லோணுமல்லங்?"

"இது சொல்லாது. பிள்ளைங்க வரமாட்டாங்கன்னு சொல்லிச்சுன்னா, அவங்க போறதுக்கு முன்னாலயே பள்ளிக்கூடத்தை மூடிருவாங்க. வீண்செலவு பாரு."

"அது சொல்லி ஒருக்காக்கூட தப்பினதில்லையாங்?"

"இதுவரைக்கும் இல்ல. போவாங்கன்னு சொன்ன ஊர்ல எல்லாம் பிள்ளைங்க போயிட்டாங்க."

பள்ளிக்கூடத்தை மூடினால் பிள்ளைகள் போகாமல் பூட்டைப் பார்த்தா படிப்பார்கள் என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. பாவம், டீச்சரிடம் கேட்டு என்ன பயன்? வீட்டுக்கு வந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினாள். எங்கள் பள்ளி எதற்காகப் பரிசீலனையில் இருக்கிறது, அந்த ஆவணத்தின் நகல் வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது. கோரப்பட்டது துறையின் உள் ஆவணம், மூன்றாம் நபர்களின் தகவல்களும் அடங்கியிருப்பதால் வழங்க இயலாது.

வேறு யாராவது என்றால் கும்பிடு போட்டு விட்டிருப்பார்கள். தாரணி பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அந்தப் பதிலையே திருப்பித் திருப்பிப் படித்தாள். மூன்றாம் நபர் என்றுதானே மறுக்கிறார்கள்? அவரவர் பிள்ளையின் ரெக்கார்டை அவரவரே கேட்டால் அதில் மூன்றாம் நபர் எங்கிருந்து வருவார்? ஒவ்வொரு வீடும் தன் பிள்ளையின் முழு ரெக்கார்டையும் கேட்டு வாங்கட்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் பள்ளிக்கூடத்தின் கணக்கு மொத்தமும் நம் கைக்கு வந்துவிடும். பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒழுங்காக வருகிறார்கள், படிக்கிறார்கள் என்று காட்டிவிடலாம்.

"மாமா, ஊட்டுக்கு ஒரு மனு போடோணுங்," என்று நாச்சிமுத்துவிடம் போய் நின்றாள். "ஒருத்தி கேட்டா ஒத்த வரியில தாட்டி உடறாங்க. ஊரே கேட்டா என்ன பண்ணுவாங்கன்னு பார்க்கலாம்."

நாச்சிமுத்து ஊரின் தலைக்கட்டு வரி வசூலிப்பவர், அறுபதைத் தாண்டியவர். அவருடைய பேரனும் அதே பள்ளியில்தான் படித்தான். "அட, தலைக்கட்டுக்கு ஒண்ணுன்னு சொல்லு அம்முணி," என்றார். அவர் முகத்தில் பூசாரிக்குச் சாமி வந்தது போல் ஒரு களை. "ஒருத்தன் உடாம வாங்கிப்போடறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளி வராந்தாவில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து தாரணி எழுதினாள். ஒலிபெருக்கியில் நாச்சிமுத்து வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஊரே வரிசையில் நின்றது. திருவிழாக் கூட்டம்தான், டீக்கடைக்காரர் கேனோடு வந்துவிட்டார். இப்படி ஊர் ஒன்றாக நின்று எத்தனை காலமாயிற்று என்று தாரணிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வரிசையின் கடைசியில் மில் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். கையைப் பிடித்தபடி ஒரு பெண்குழந்தை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி நின்றார்கள்.

"ஏம்மா, நீங்கெல்லாம் தலைக்கட்டு இல்லீல்ல," என்றார் நாச்சிமுத்து. "இது ஊருக்காரியம். உங்களுக்கு இதுல வேல இல்ல, போங்க, போங்க."

அந்தப் பெண் தாரணியைப் பார்த்தாள். தாரணியும் பார்த்தாள். விரல்கள் வலித்தன, இன்னும் பத்துப் பேருக்கு எழுத வேண்டியிருந்தது. அவள் குனிந்து அடுத்த மனுவை எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

மனுக்கள் போயின. ஆச்சரியம் என்னவென்றால், இம்முறை ஒரு மனுவைக்கூட மறுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பதில் வந்தது. பிள்ளை எத்தனை நாள் வந்தது, எந்தப் பாடத்தில் தேறியது, என்ன உயரம், என்ன எடை, எல்லாம் வந்தன. வீட்டுக்கு வீடு சிரிப்பு. நாச்சிமுத்து தன் பேரனின் கணக்கு மதிப்பெண்ணைக் கோயில் வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். அதிகாரம் இறங்கிவந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். தாரணியும் நம்பினாள்.

அடுத்த வாரம் பள்ளியை மூடும் உத்தரவு வந்தது.

உத்தரவில், வரும் ஆண்டுகளில் எதிர்பார்க்கப்படும் மாணவர் எண்ணிக்கை என்ற இடத்தில், "இல்லை" என்று இருந்தது. குறைவு என்று போட்டிருந்தால் சண்டை போடலாம். இல்லை என்றால்? வகுப்பறை நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர்கூட இல்லை என்று எழுத எப்படி மனம் வந்தது? அன்று சாயங்காலமே ஒவ்வொரு வீட்டுக் கைபேசிக்கும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் தானாக வந்து விழுந்தது. யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தனியார் பள்ளிகளின் வேன்கள் ஊருக்குள் வந்து ஹாரன் அடித்தன. ஊர் பதறிவிட்டது. இடம் தீர்ந்துபோகும் என்று பயந்து பாதிப் பேர் அந்த வாரமே பிள்ளைகளை டவுனில் சேர்த்துவிட்டார்கள்.

சமி அன்று இரவு கேட்டாள்: "டீச்சர் எங்க போவாங்க?" அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தோசைக்குச் சட்னி வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டினாள்.

லாரியில் வடக்கே போயிருந்த கணவனிடம் தொலைபேசியில் சொன்னாள். "உடாத, மேல போ," என்றான். மேல்முறையீடு செய்தாள். விசாரணைக்கு நாள் குறித்து வந்தது. வேன் பிடித்து, நாச்சிமுத்துவும் இன்னும் சில பெற்றோர்களும் கூட வந்தார்கள். அலுவலகத்தில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் கீழே வேனருகே நின்றார்கள்.

மாவட்டக் கல்வி அலுவலரின் பெயர் இளம்பரிதி. கெட்ட மனிதராகத் தெரியவில்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். மேசைமேல் சின்ன ரேடியோவைப் போல ஒரு கருவி இருந்தது.

"ஒரு விஷயம் சொல்லிடறேம்மா," என்றார். "சோசியர்... அதாவது அந்த அமைப்பு, முடிவை மட்டும்தான் எங்களுக்குச் சொல்லும். காரணத்தை மேல்முறையீட்டு விசாரணையில கேட்டாத்தான் சொல்லும், அப்படி விதி. இதுவரைக்கும் இங்க ஒருத்தரும் மேல்முறையீட்டுக்கு வந்ததில்ல. எனக்கே இது முதல் தடவை."

"அப்போ காரணம் தெரியாமத்தான் இத்தனை பள்ளிக்கூடத்தை மூடுனீங்களாங்?"

அவர் கருவியைத் தட்டினார். "கரட்டுவலசுப் பள்ளி. மூடச் சொன்னதுக்குக் காரணம் என்ன?"

"வணக்கம்," என்றது அது, செய்தி வாசிப்பவரின் நிதானத்தோடு. "இப்பள்ளியில் பயிலும் எல்லா மாணவர்களின் பெற்றோரும் விரைவில் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள் என்று கணிக்கப்பட்டுள்ளது."

"யாருங்க மாத்தறதுன்னு சொன்னது?" தாரணி கத்திவிட்டாள். "எங்க ஊர்ல ஒருத்தருக்கும் அந்த நெனப்பே இல்லீங்களே!"

"எல்லாப் பெற்றோரும் தங்கள் பிள்ளையின் முழுப் பதிவையும் மனுச் செய்து பெற்றுள்ளார்கள்."

இளம்பரிதி டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "அதுக்கும் மூடுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இம்மாவட்டத்தில் பிள்ளையின் முழுப் பதிவைக் கேட்ட பெற்றோர்கள், அநேகமாக எல்லோருமே, சில மாதங்களுக்குள் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். புதிய பள்ளியில் காட்டுவதற்காகவே பதிவைக் கேட்பது வழக்கம். எனவே பதிவைக் கேட்பது வெளியேறுவதற்கான அறிகுறி."

தாரணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. வராந்தாவில் போட்ட பெஞ்சு, விரல் வலிக்க எழுதிய மனுக்கள், ஒருவனையும் விடாமல் வாங்கிய கையெழுத்துகள். பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற என்று நினைத்து, ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, நாங்கள் போகிறோம், நாங்களும் போகிறோம் என்று அவள்தான் அந்த மிஷினிடம் சொல்லவைத்திருக்கிறாள். ஒரு தலைக்கட்டு பாக்கியில்லாமல்.

"நாங்க போறதுக்குக் கேக்கலீங்," என்றாள். "இருக்கறதுக்குத்தானுங் கேட்டோம்."

"இருப்பதற்காகப் பதிவைக் கேட்டவர்கள் குறித்து முன்னுதாரணம் இல்லை," என்றது கருவி. "இந்த மேல்முறையீடும் பதிவு கோரலாகக் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது."

இளம்பரிதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மனுக்களுக்கு முந்தி என்ன இருந்துச்சுங்க?" என்றாள் தாரணி. "நாங்க ஊரே எழுதறதுக்கு முந்தியே பரிசீலனைன்னு போட்டிருந்ததுங்களே. அது எதுக்குங்க?"

"அது உள் ஆவணம்மா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். கருவியின் பக்கம் திரும்பினார். "சொல்லு."

"இரண்டாவது ஆசிரியர் பணியிடம் வழங்குவதற்கான பரிசீலனை," என்றது அது. "மில் குடியிருப்பிலிருந்து பதினொரு குழந்தைகள் இவ்வாண்டு புதிதாகச் சேர்வார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. மேலும், செவித்திறன் குறைந்த மாணவி ஒருவர் பயில்வதால், அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியரையே அனுப்பவும் பரிந்துரைக்கப்பட்டது. அக்குழந்தைகள் சேராததால் இரண்டும் கைவிடப்பட்டன."

தாரணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகளுக்காக ஒரு டீச்சர். சமிக்காக. அது வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்ததை வாசலிலேயே நின்று விரட்டிவிட்டிருக்கிறாள்.

"மொதல்ல நான் ஒருத்திதானுங்க கேட்டேன்," என்றாள் மெதுவாக. "எதுக்குப் பரிசீலனைன்னுதான் கேட்டேன். இந்த ஒரு வரிய அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் ஊரைக் கூட்டியிருப்பனாங்க? சொல்றதுக்கு என்னங்க கெட்டுப்போச்சு? நல்ல சேதிதானுங்களே!"

இளம்பரிதி அவளைப் பார்க்காமல் பேசினார். "முதல் மனுவுக்கு இயலாதுன்னு எழுதறது ஆபீஸ் வழக்கம்மா. நிஜமா வேணும்னா மேல்முறையீட்டுக்கு வருவாங்கன்னு விட்டுடுவோம். அந்தக் கோப்புல என்ன இருந்துச்சுன்னு... நான் திறந்துகூடப் பார்க்கல."

அவர் அழுதுவிடுவார் போல இருந்தது. தாரணிக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. கோபப்படவும் தெம்பில்லை.

"இதை மாத்த வழியே இல்லீங்களா? மனுவை எல்லாம் வாபஸ் வாங்கிக்கறோம்."

"வாபஸ் வாங்கினா, வேற இடத்துல சீட்டு கிடைச்சிருச்சுன்னு அது எடுத்துக்கும்," என்றார். இப்போது அவருக்கும் அந்த மிஷின் எப்படி நினைக்கும் என்று பிடிபட ஆரம்பித்திருந்தது. "பிள்ளைங்களைத் திரும்பச் சேர்க்கலாம். ஆனா அதுக்குப் பழைய ரெக்கார்டை மனுப்போட்டு வாங்கணும்."

தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வழிந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு," என்றார் அவர். "மூடற தேதிக்குள்ள புதுசா யாராவது சேர்ந்தா, அது மறுபடி கணக்குப் பார்த்தாகணும். இதுவரைக்கும் எந்த மனுவும் போடாத வீட்டுப் பிள்ளைங்களா இருக்கணும்."

கீழே வேனருகே அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். மறைக்கத் தோன்றவில்லை. "அட கெரகமே!" என்று நாச்சிமுத்து வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் அவ்வளவு அடங்கி இருக்கவில்லை. "எல்லாம் நீ பண்ணுன வேலதான்," என்றாள் ஒருத்தி. "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டியே தாரணி." ஊர் வரும்வரை ஒருவரும் அவளோடு பேசவில்லை.

அவள் வீட்டுக்குப் போகாமல் நேராக மில் குடியிருப்புக்குப் போனாள். அந்தப் பக்கம் அவள் வருவது அதுவே முதல் தடவை. தகரக் கொட்டகைகளுக்கு நடுவே குழாயடியில் அந்தப் பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். தாரணியைக் கண்டதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெயர் பூல்மணி. ஜார்கண்டிலிருந்து வந்தவள், மகள் பெயர் அஞ்சலி.

"உங்க புள்ளைய எங்க பள்ளிக்கூடத்துல சேர்க்கறீங்களா?" தாரணிக்கு அதைச் சுற்றிவளைத்துக் கேட்கத் தெரியவில்லை.

பூல்மணி குழாயை மூடினாள். "சேர்க்கத்தான் அக்கா அன்னைக்கு வந்தேன்," என்றாள். "மைக்ல கூப்பிட்டாங்க. ஸ்கூல்ல பேர் எழுதுறாங்கன்னு நெனைச்சேன். இங்க எல்லாப் பிள்ளையையும் கூட்டிட்டு வர்றதா இருந்துச்சு. நான் முதல்ல போய்ப் பார்த்துட்டு வரேன்னு சொன்னேன்." அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "அந்தப் பெரியவர் போகச் சொன்னார். நீங்களும் ஒண்ணும் சொல்லல. அப்போ நமக்கு இடம் இல்லன்னு வந்துட்டோம்."

தாரணி அப்படியே குழாயடிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். சோசியர் சொன்னது தப்பவில்லை. அந்தப் பதினொரு பேருக்காகவும் அவர்கள் வந்தார்கள். வந்து, அவள் போட்ட வரிசையிலேயே நின்றார்கள். இரண்டாவது டீச்சரும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தாள். குனிந்து அடுத்த மனுவை எடுத்தபோது அத்தனை பேரையும் சேர்த்தே அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"தப்புப் பண்ணிட்டேன் பூல்மணி," என்றாள். "இப்போ வருவீங்களா?"

பூல்மணி அலசிய துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு கொட்டகைகளின் பக்கம் திரும்பி, தன் பாஷையில் யாரையோ சத்தமாகக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலையில் பதினொரு பிள்ளைகளும் வந்தார்கள். எந்தக் காகிதமும் கேட்காமல் ரெஜினா டீச்சர் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். வார முடிவில் உத்தரவு மாறியது. பள்ளி தொடரும், மாணவர்கள் பதினொருவர் என்று வந்தது. இரண்டாவது டீச்சரைப் பற்றி அதில் பேச்சில்லை. காலைச் சிற்றுண்டியும் பதினொரு தட்டுக்குத்தான் வந்தது.

ஊர்ப் பிள்ளைகள் திரும்பவில்லை. கட்டிய பணம் போனதுதான் என்றார்கள் சிலர். மில்லுக்காரங்க பிள்ளைகளோடு ஒரே பெஞ்சிலா என்று வெளியே சொல்லாமல் நினைத்தவர்கள் அதிகம். நாச்சிமுத்துவின் பேரனும் வேனில் ஏறிப் போனான். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் போய்விடுவார்கள் என்று சொன்ன சோசியரின் வாக்கு இந்த முறையும் பலித்துவிட்டது, சமி ஒருத்தியைத் தவிர. சமியும் கணக்கில் இல்லை. மாற்றுச் சான்றிதழ் வந்துவிட்டதால் கணக்குப்படி அவள் பள்ளியைவிட்டுப் போய்விட்டவள். இளம்பரிதி தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார், பதில் வரவில்லை.

உத்தரவு மாறியபின் முதல்நாள் ரெஜினா டீச்சர் வழக்கம்போல சமியின் பெயரையும் கூப்பிட்டார். பதிவேட்டில் இல்லாத பெயரை அழைத்தது ஏன் என்று சாயங்காலமே விளக்கம் கேட்டு வந்துவிட்டது. காதுக்கு எல்லாம் கேட்கும்.

மறுநாள் தாரணி ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அஞ்சலி. பீர்ஸா. சுக்மதி. ஒவ்வொருவரும் புதுத் தமிழில் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். சமி முன்வரிசையில் உட்கார்ந்து டீச்சரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு பெயரும் முடிந்தன. சமியின் முகம் வாட ஆரம்பித்தது. இனி இவள் பேசவேமாட்டாள் என்று தாரணி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தாள்.

டீச்சர் பதிவேட்டை மூடவில்லை. சமியின் பக்கம் குனிந்து, சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்தார்.

"உள்ளேன் டீச்சர்!" என்றாள் சமி, கூரை அதிர.

தாரணி அங்கேயே நின்று அழுதாள். உள்ளே கரும்பலகைக்கு மேலே காதின் சிவப்பு விளக்கு இரண்டு முறை மினுங்கி அணைந்தது. கூப்பிட்ட பெயர் பதினொன்று, பதில் சொன்ன குரல் பன்னிரண்டு. அதற்கு முன்னுதாரணம் இருந்ததோ என்னவோ.

அன்று சாயங்காலம் துறையின் பக்கத்தில், கரட்டுவலசுப் பள்ளியின் பெயருக்கு எதிரே மறுபடியும் அந்தச் சொல் வந்து உட்கார்ந்திருந்தது. "பரிசீலனையில்." ரெஜினா டீச்சர் பார்த்தார். பூல்மணிக்குப் படித்துக்காட்டினார்கள். நாச்சிமுத்து ஒலிபெருக்கியின் பக்கமே போகவில்லை. தாரணி பேனாவை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மூடி போட்டு அலமாரியில் வைத்தாள்.

எதற்கான பரிசீலனை என்று இந்த முறை கரட்டுவலசில் ஒருவரும் கேட்கவில்லை.